மைக் செட், மண்டபம், கூத்து மேடை: ஒலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று எந்தப் பக்கம் போனாலும் மண்டபத்துக்காரர்கள், மைக் செட் வைத்திருக்கும் இளைஞர்கள், பாரதக் கூத்து நடத்தும் ஊர்ப் பெரியவர்கள் ஆகியோர் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கணக்கோடு தொகுத்திருக்கிறோம். முதலிலிருந்து படித்து வந்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

மேடையில பேசுறது கடைசி வரிசைக்கு லேட்டா போகுமா? அதையெல்லாம் கணக்குல எடுக்கணுமா?

போகும். காற்று 0 டிகிரியில் இருந்தால் ஒலி வினாடிக்கு 331 மீட்டர் ஓடும். வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 0.6 மீட்டர் கூடும். மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 343 மீட்டர். வேலூர் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் 355 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி வினாடி என்று மனதில் வைத்துக்கொண்டால் களத்தில் போதும்.

ஒரே இடத்திலிருந்து மட்டும் ஒலி வந்தால் இந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. ஒரே பேச்சு இரண்டு இடங்களிலிருந்து வரும்போதுதான் சிக்கல். பின்வரிசை பாக்ஸ் பற்றிய கேள்வியில் அதைப் பார்ப்போம்.

ஆயிரம் வாட்ஸ் செட் போட்டோம். அப்பவும் பின்னாடி கேக்கல. இன்னும் வாட்ஸ் கூட்டணுமா?

வேண்டாம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் விழும். வாட்ஸை இரு மடங்காக்கினால் கிடைப்பதோ 3 டெசிபல்தான். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை.

ஒரு பாக்ஸ் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் கொடுத்தால் 115. அதே ஒலி 32 மீட்டர் தள்ளி 85 ஆகிவிடும். இன்னொரு 100 வாட் சேர்த்தால் 88. வாட்ஸைத் தொடாமல் அதே பாக்ஸை 16 மீட்டர் முன்னால் கொண்டு போய் வைத்தால் 91. ஸ்டாண்டும் கேபிளும் வாங்கும் செலவு இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வாங்குவதை விடக் குறைவு, பலன் அதிகம். பாக்ஸ் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸை (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச அளவு) நம்பாதீர்கள்; ஆர்.எம்.எஸ். வாட்ஸையும் (தொடர்ந்து தரக்கூடிய அளவு), 1 வாட் 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்பதையும் கேளுங்கள். 92 டெசிபல் பாக்ஸுக்கும் 98 டெசிபல் பாக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் நான்கு மடங்கு வாட்ஸுக்குச் சமம்.

மைக்கைத் தூக்கினாலே கீ...ன்னு கத்துது. மைக் சரியில்லையா?

மைக் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பாக்ஸிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபயரில் பெருகி, மறுபடி பாக்ஸுக்கே வருகிறது. ஒரு சுற்று முடியும்போது ஏதாவது ஒரு சுருதியில் ஒலி குறையாமல் இருந்துவிட்டால் அந்தச் சுருதி ஊளையாக மாறும். அந்தச் சுற்றை எங்கே வெட்டுவது என்று பார்க்க வேண்டும்.

முதலில் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் 20 செ.மீ. இருந்ததை 5 செ.மீ. ஆக்கினால் குரல் 12 டெசிபல் கூடிக் கிடைக்கும். அந்த அளவுக்கு மிக்சரில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைக்கலாம். ஐயர் மந்திரம் சொல்லும் மைக்கைத் தரையில் சின்ன ஸ்டாண்டில் வைத்துவிட்டு "சத்தம் வரல" என்று கெயினை ஏற்றுவதுதான் மண்டபங்களில் அதிகம் நடக்கும் தவறு. கூஸ்நெக் ஸ்டாண்டில் வாய்க்கு நேராகக் கொண்டு வாருங்கள். அடுத்து பாக்ஸ் இருக்கும் இடம்: மைக் இருக்கும் வரிசைக்கு 2 மீட்டராவது முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி. மேடைக்குப் பின்சுவரில் மாட்டிய பாக்ஸ் நேராக மைக்கின் வாய்க்குள்ளேயே பாடும்.

மூன்றாவது, திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை. மைக்குகள் இரு மடங்கானால் ஊளை வராமல் கொடுக்கக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். நான்கு மைக் திறந்திருந்து ஒருவர் மட்டும் பேசினால் 6 டெசிபலைச் சும்மா இழக்கிறீர்கள். மற்ற மைக்குகளின் ஃபேடர்களை (மிக்சரில் ஒலியளவை மாற்றும் நகர்த்திகளை) இறக்குங்கள். பாடகர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் பின்பக்க ஒலியைத் தள்ளும் துளைகள் அடைபட்டு, ஒருபக்க மைக் எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காகிவிடும். மானிட்டர் பாக்ஸை (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைப்பது) கார்டியாய்டு மைக்குக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் மைக்குக்கு, நேர் பின்னால் வைக்க வேண்டும். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்னால் சற்றுப் பக்கவாட்டில், ஏறக்குறைய 125 டிகிரியில். வாங்கிய மைக் எந்த வகை என்று தெரியாமல் மானிட்டர் வைப்பவர்களே அதிகம்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஈக்வலைசர் (ஒவ்வொரு சுருதிப் பட்டையையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி). ஹாலில் ஆள் வருவதற்கு முன் மைக்கை அதன் இடத்தில் வைத்து, ஃபேடரை மெதுவாக ஏற்றுங்கள். ஊளை தொடங்கும் சுருதியை 31 பட்டை ஈக்வலைசரில் கண்டுபிடித்து 3 முதல் 6 டெசிபல் இறக்குங்கள். மறுபடி ஏற்றுங்கள். மூன்று நான்கு பட்டைகளோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வெட்டினால் குரலே போய்விடும்.

எங்க மண்டபத்துல சத்தம் நல்லா வருது, ஆனா என்ன பேசுறாங்கன்னே புரியல. ஏன்?

தரை கிரானைட், சுவர் பூச்சு, மேலே காங்கிரீட். மூன்றும் ஒலியை விழுங்காது, திருப்பி அனுப்பும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது. ஒலி 60 டெசிபல் அடங்க ஆகும் நேரத்தைக் கணக்கிடும் வழியைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சாபின். 1895-ல் பேச்சு புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யச் சொன்னபோது தொடங்கிய வேலை அது. சூத்திரம் சுலபம்: ஹாலின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும்.

24 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம் உள்ள ஹாலைப் போட்டுப் பார்ப்போம். கன அளவு 1440. மொத்தச் சுவர், தரை, கூரை 936 சதுர மீட்டர். அது விழுங்குவது நூற்றுக்கு 3 பங்கு என்றால் 28. திறந்த கதவு, ஜன்னல் 20 சதுர மீட்டர்; வெளியே போன ஒலி திரும்பாது என்பதால் அதை முழுசாகச் சேர்க்க வேண்டும். ஆக 48. விடை 4.8 வினாடி. பேச்சு புரிய 1 முதல் 1.2 வினாடிக்குள் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஹாலில் சாதாரண பாக்ஸிலிருந்து 2 மீட்டர் தாண்டினாலே, நேராக வரும் ஒலியை விடச் சுவரில் பட்டு வரும் ஒலி கூடிவிடும். அந்த நிலையில் வால்யூமை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். புரிதல் ஒரு துளியும் கூடாது. இரண்டு பெரிய பாக்ஸுக்குப் பதில் ஆட்களுக்குப் பக்கத்தில் ஆறு எட்டு சின்ன பாக்ஸ் வைத்து, 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒவ்வொன்றையும் மெல்ல ஒலிக்க விடுங்கள். ஒவ்வொரு பாக்ஸும் எதிர்ச்சுவரை அல்ல, மனிதர்களைப் பார்க்க வேண்டும். மிக்சரில் எக்கோவைச் சுத்தமாக நிறுத்துங்கள். பேச்சு மைக்குக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 250 பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. கும்மென்று கேட்க வேண்டும் என்று பேஸை ஏற்றினால் அது மூழ்கிவிடும்.

காலையில செக் பண்ணப்ப ஒரே கொழகொழன்னு இருந்துச்சு. முகூர்த்த நேரத்துக்கு தானா சரியாயிடுச்சே?

ஆட்கள் வந்ததால். உட்கார்ந்திருக்கும் ஒருவர் துணிமணியோடு ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் அளவு ஒலியை விழுங்குவார். 300 பேர் என்றால் 135. மேலே பார்த்த 48-உடன் சேர்த்தால் 183, நேரம் 1.3 வினாடிக்கு இறங்கிவிடும். ஆகவே வெறும் ஹாலில் கேட்டுவிட்டு ஈக்வலைசரைக் கண்டபடி திருப்பாதீர்கள். மாலை வரவேற்பில் பாதிப் பேர் பந்திக்குப் போனதும் பேச்சு மறுபடி குழம்புவதற்கும் இதுதான் காரணம்.

முட்டை அட்டை ஒட்டினா போதும்னு சொல்றாங்க. தெர்மாகோல்?

இரண்டும் வீண். முட்டை அட்டை மெல்லியது. உச்சச் சுருதியில் கொஞ்சம் பிடிக்கும், பேச்சைக் குழப்பும் கீழ்ச் சுருதிகளைத் தொடாது, தீயும் எளிதில் பற்றும். தெர்மாகோலில் காற்று புகவே வழியில்லை. ஒலியை உறிஞ்ச நார் இடுக்குகளுக்குள் காற்று அசைந்து உராய வேண்டும்.

50 மி.மீ. ராக்வூல் அல்லது கண்ணாடிக் கம்பளிப் பலகையைத் துணி சுற்றி, கூரையிலிருந்து 10 செ.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். 100 சதுர மீட்டர் மாட்டினால் ஏறக்குறைய 80 சேரும். வெறும் ஹாலே 4.8-லிருந்து 1.8 வினாடிக்கு இறங்கும். கூரைக்கு அடுத்தபடி மேடைக்கு எதிரே உள்ள பின்சுவர். துணி சுற்றாமல் விட்டால் நார் உதிரும். மாட்டும்போது முகக்கவசம், கையுறை கட்டாயம்.

பின்னாடி இன்னொரு ஜோடி பாக்ஸ் வெச்சோம். இப்ப ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவை கேக்குது.

ஒயரில் வரும் சிக்னல் உடனே வந்துவிடும். மேடை பாக்ஸின் ஒலி காற்றில் நடந்து வர வேண்டும். 30 மீட்டருக்கு 85 மில்லி வினாடி. பேச்சில் இரண்டு வரவுகளுக்கு நடுவே சுமார் 30 மில்லி வினாடி வரை இருந்தால் காது அவற்றை ஒன்றாகச் சேர்த்து, முதலில் வந்த திசையிலிருந்தே கேட்பதாக எடுத்துக்கொள்ளும். 1940-களின் கடைசியில் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து சொன்னது இது. 50-ஐத் தாண்டினால் எதிரொலிதான்.

டிஜிட்டல் மிக்சரிலோ, சிக்னலைத் தாமதப்படுத்தும் தனி டிலே கருவியிலோ பின் பாக்ஸுக்கு 85-உடன் 10 முதல் 15 கூட்டி, 95 முதல் 100 மில்லி வினாடி கொடுங்கள். அப்போது பேச்சு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும், ஆனால் தெளிவு பின் பாக்ஸிலிருந்து கிடைக்கும். தூரத்தை அடி எண்ணிப் பார்க்காமல் டேப் போட்டு அளந்து கொள்ளுங்கள். டிலே வசதியே இல்லையென்றால் இரண்டு ஜோடிகளுக்கும் இடையே 10 மீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

ஒரே ஆம்ப்ளிஃபயர்ல எத்தனை குழாய் ஸ்பீக்கர் மாட்டலாம்? தெரு முழுக்க கட்டணும்.

நீண்ட தெருவுக்கு 100 வோல்ட் லைன்தான் (சிக்னலை அதிக வோல்டேஜில் அனுப்பும் முறை) சரி. ஒவ்வொரு குழாய் யூனிட்டுக்கும் லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, எல்லாவற்றையும் பேரலலாகக் கட்டுங்கள். கணக்கு வெறும் கூட்டல்: டிரான்ஸ்ஃபார்மரின் 30 வாட் முனையில் (டேப்) ஆறு யூனிட் என்றால் 180 வாட். ஆம்ப்ளிஃபயர் 250 வாட் என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 200 வாட் வரை போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் யூனிட்டை 100 வோல்ட் முனையில் நேராக மாட்டிவிடாதீர்கள். முழு வால்யூமில் அந்த யூனிட் 625 வாட்டை இழுக்கப் பார்க்கும். யூனிட்டோ ஆம்ப்ளிஃபயரோ போய்விடும்.

ஒயர் விஷயமும் இங்கேதான் வருகிறது. 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் 50 மீட்டர் போய்த் திரும்பினால் 1.2 ஓம். 8 ஓம் பாக்ஸில் அது கிட்டத்தட்ட கால் பங்கு சக்தியைத் தின்றுவிடும். 100 வோல்ட் லைனில் 60 வாட் சுமை 166 ஓம் என்பதால் அதே 1.2 ஓம் ஒன்றுமே இல்லை.

குழாய் யூனிட் அடிக்கடி போயிடுது. பாட்டு போட்டாதான் போகுது, பேச்சுக்கு போகல.

சினிமாப் பாட்டில் உள்ள பேஸ்தான் காரணம். குழாயின் நீளத்துக்கும் வாய் அகலத்துக்கும் ஏற்ப ஒரு கீழ் எல்லை உண்டு. சாதாரணக் குழாய்க்கு அது 250, 300 ஹெர்ட்ஸ் பக்கம். அதற்குக் கீழே டயஃப்ரத்துக்கு (யூனிட்டுக்குள் அதிரும் மெல்லிய தகடு) எதிரே காற்றின் தாங்கல் இருக்காது. அது அளவுக்கு மீறி ஆடிக் கிழியும், அல்லது அதோடு சேர்ந்து அசையும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசும். குழாய்க்குப் போகும் சிக்னலில் 300-க்குக் கீழே வெட்டிவிடுங்கள். குழாயில் பேஸ் எப்படியும் கேட்காது.

இன்னொரு காரணம், சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருப்புவது. அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமானால், அதே உயரத்தில் சராசரி சக்தி இரு மடங்கு வரை போகும். பாக்ஸில் முதலில் கருகுவது உச்சச் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னலாம், நிலையாக எரியக் கூடாது.

செட் போட்டதும் உம்ம்ம்னு ஒரு சத்தம். எர்த் பின்னை ஒடிச்சிட்டா போயிடும்னு சொல்றாரு எலக்ட்ரீஷியன்.

ஒடிக்கவே கூடாது. சத்தம் போகலாம், பாடகரின் உயிரும் போகலாம். உம் என்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ளே புகுவது. மிக்சர் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறு அறைப் பிளக்கிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு மின்னோட்டம் ஒயர் வழியாக ஓடும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். கீபோர்டு, லேப்டாப்பை டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மைக் ஒயருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாகக் கொடுத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிப்பது) தட்டுங்கள். மைக் ஒயர் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். ஆகவே இருக்கட்டும்; ஒரு பக்கம் மோனோ ஜாக் போட்டால் சத்தத்தைக் கழிக்கும் வழியே அடைபடும். சீரியல் செட் விளக்கு ஒயரோடு மைக் ஒயரைச் சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கூத்துக்கு மைக் எங்க தொங்க விடறது? ஆடிக்கிட்டே பாடுறாங்க, ஒரு அடி பாட்டு கேக்குது, அடுத்த அடி காணல.

கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டியவருக்கு காலர் மைக் ஒத்துவராது. உரசல் சத்தமே மிஞ்சும். மேடை முன் விளிம்பில் இரண்டு மைக்குகளைத் தொங்கவிடுங்கள், கிரீடம் தட்டாத உயரத்தில், வாயை நோக்கிச் சாய்த்து. பாடுபவரின் வாயிலிருந்து மைக் 60 செ.மீ. என்றால் இரண்டு மைக்குகளுக்கும் இடையே அதன் மூன்று மடங்காவது, அதாவது 1.8 மீட்டர் இருக்கட்டும். நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் சிறு தாமதத்தோடு புகுந்து சில சுருதிகள் அழிந்து போகும். ஆடியபடி நகரும்போது குரல் உள்ளே போய் வெளியே வருவது போல் கேட்பதற்கு அதுவும் காரணம்.

பின்பாட்டுக்கு ஒரு மைக், ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று போதும். முகவீணைக்கு (நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகுழல்) மைக் வேண்டியதில்லை; அதன் குரல் கூரியது, மற்ற மைக்குகளிலேயே தேவைக்கு மேல் விழும். வாத்தியக்காரர் பெஞ்சு பின்னால் இருப்பதால் முன் மைக்குகளின் முதுகு அவர்களைப் பார்க்கும்படி திருப்புங்கள். ஊளைக்குச் சொன்ன எல்லாம் இங்கேயும் பொருந்தும்.

மதியம் ஆனா நாதஸ்வரமும் ஆர்மோனியமும் சேர மாட்டேங்குது. மிருதங்கமும் மாறிடுது. யார் மேல தப்பு?

யார் மேலும் இல்லை. குழல் வாத்தியத்தின் சுருதி உள்ளே உள்ள காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. 10 டிகிரி ஏறினால் சுருதி 1.7 சதவீதம் ஏறும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்தானங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் அது கால் பங்குக்கு மேல். ஆர்மோனியத்தின் உலோக ரீடு அவ்வளவு நகராது. தோல் வாத்தியம் ஈரம் பட்டால் தளர்ந்து இறங்கும், காய்ந்தால் ஏறும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் ஒட்டிய ரவை காயக் காய எடை குறைந்து அந்தப் பக்கமும் ஏறும்; ஒரு சொட்டு நீர் தொட்டால் இறங்கும். ஆகவே வாத்தியங்களை ஆடும் இடத்திலேயே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு சுருதி சேர்ப்பது நல்லது.

வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்புக் கரணைதான் மிருதங்கத்துக்கு ஸ்வரமே கொடுக்கிறது. சாதாரணத் தோலின் மேல்சுருதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. நடுவில் எடை ஏற்றியதும் அவை 1, 2, 3, 4, 5 என்று முழு எண் விகிதத்தில் வந்து அமர்கின்றன. சி.வி. ராமன் 1920-ல் நேச்சர் இதழில் எழுதி உலகத்துக்குக் காட்டினார். மைக் வைக்கும்போது கரணைக்கு நேராக ஒரு சாண் தள்ளி வையுங்கள். விளிம்பில் வைத்தால் சத்தம் வரும், ஸ்வரம் வராது.

பகல்ல பக்கத்துத் தெருவுக்கே கேக்கல, ராத்திரில அடுத்த ஊர்க்காரங்க சண்டைக்கு வர்றாங்க. வால்யூம் அதேதான்.

பகலில் தரை சூடு, மேலே குளிர். கீழே ஒலி வேகமாகவும் மேலே மெதுவாகவும் போவதால் அலை மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அலை கீழ்நோக்கி வளைந்து தூரத்தில் இறங்கும். சுற்றிலும் அரவம் அடங்கியிருப்பதும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இருட்டிய பின் பாக்ஸை இறக்கி, தரையை நோக்கிச் சாய்த்து, வால்யூமைக் குறையுங்கள். உயரத்தில் கட்டிய குழாயைத்தான் அடுத்த ஊர் கேட்கும்.

சட்டப்படி எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

ஒலி மாசு விதிகள், 2000 சொல்வது: ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றிய அமைதி மண்டலத்தில் 50, 40. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் அந்தப் பகுதிக்கு விதித்த அளவை விட 10 டெசிபல் கூட, அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அது. தனியார் இடமென்றால் விதித்த அளவை விட 5 டெசிபல்தான் கூடலாம். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை, இரவு 12 மணி வரை தளர்வு தரலாம்.

விடிய விடியக் கூத்து நடத்துபவர்களுக்கு இது கடினம்தான். ஆனால் நகரின் நடுவிலேயே பெரிய மருத்துவமனைகள் இருக்கும் வேலூர் போன்ற ஊரில் இந்த விதி யாரைக் காக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சியை மாலையிலேயே தொடங்கி, அனுமதித்த நேரத்துக்குள் முக்கியப் பகுதியை முடிப்பதே நல்ல திட்டம்.

செல்போன் ஆப்ல 82 காட்டுது. நம்பலாமா? காதுக்கு ஆபத்தா?

ஒப்பிட மட்டும் நம்பலாம்: பாக்ஸைத் திருப்பியதும் 6 குறைந்ததா என்று பார்க்க உதவும். மிக உரத்த ஒலியில் போன் மைக் திணறிக் குறைத்துக் காட்டும். ஆப்பில் ஏ எடை (காதின் உணர்வுக்கு ஏற்ற அளவு), ஸ்லோ (மெதுவாக மாறும் அளவு) என்று வைத்து, கையை நீட்டிப் பிடித்து அளவெடுங்கள்.

காதுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு 15 நிமிடம். பாக்ஸுக்கு முன்னால் கைக்குழந்தையோடு யாரையும் உட்கார வைக்காதீர்கள். செட் இயக்குபவர் நுரை அடைப்பான் போடட்டும்: விரலில் உருட்டி மெல்லிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பஞ்சு போதாது. நிகழ்ச்சி முடிந்து மறுநாளும் காதில் இரைச்சல் இருந்தால் காது மருத்துவரிடம் போய்ச் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

ரெண்டு பாக்ஸும் தனித்தனியா நல்லா இருக்கு. ஒண்ணா போட்டா நடுவுல நிக்கிறவங்களுக்கு பேஸே காணல. பாக்ஸ் போயிடுச்சா?

ஒரு பாக்ஸில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது. நடுவில் கீழ்ச் சுருதிகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து பாக்ஸ் ஒயரைக் கழற்றி, ஒயரின் பிளஸ், மைனஸ் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஒயரின் பிளஸில் படும்போது கோன் வெளியே வர வேண்டும். எந்த பாக்ஸில் உள்ளே போகிறதோ அதன் ஒயரை மாற்றுங்கள். டுவீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம். பெரிய கோனில் மட்டும். மாற்றியதும் இரண்டு ஒயரிலும் பிளஸ் முனைக்குச் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்.